நுண்ணுயிரியலின் கதை – 7: உருகாத தளம்

அகார் என்பது சிவப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் இருக்கும் ஒரு கூட்டுச் சர்க்கரை. பாசியைக் கொதிக்கவைத்தால் நீரில் இறங்கும், ஆறினால் உறையும். 100 மில்லி நீருக்கு ஒன்றரை கிராம் தூள் போதும், ஒளி ஊடுருவும் கெட்டியான கூழ் கிடைத்துவிடும். நோன்பு மாதத்தில் தமிழக முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் துண்டு போடும் ‘கடல்பாசி’ இதுதான். மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். 1880-களின் தொடக்கத்தில் இந்தப் பண்டம் ஜெர்மனியின் ஆய்வகத்துக்குள் நுழைந்தது. இன்றுவரை அது அங்கிருந்து வெளியேறவில்லை.

அது தீர்த்துவைத்த சிக்கல் தெளிவானது. நோயாளியின் சளியிலோ குளத்து நீரின் ஒரு துளியிலோ பல வகை பாக்டீரியாக்கள் கலந்தே இருக்கும். எந்தக் கிருமி எந்த நோயைத் தருகிறது என்று சொல்ல வேண்டுமானால், ஒரே ஒரு வகையை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனியாக வளர்க்க வேண்டும். இறைச்சிச் சாறு போன்ற திரவத்தில் இது ஏறக்குறைய நடக்காத காரியம். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நீந்தும், வேகமாகப் பெருகுவது மற்றதை அமுக்கிவிடும். 1878-இல் ஜோசப் லிஸ்டர் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைத் தனிப்படுத்த, ஒரு துளியில் ஒரு செல்லுக்கு மேல் இருக்காது என்ற அளவுக்குத் திரவத்தை நீர்க்கவைத்துப் பார்த்தார். வெற்றிதான், ஆனால் அலுப்பூட்டும் வேலை, பாதிக்குப் பாதி அதிர்ஷ்டத்தை நம்பியது.

திடமான பரப்பில் நிலைமை வேறு. விழுந்த செல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அங்கேயே இரண்டாகி, நான்காகி, ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகத் திரளும். அந்தப் புள்ளியை ‘காலனி’ என்பார்கள். அதில் உள்ள அத்தனை செல்களும் ஒரே தாயின் வழித்தோன்றல்கள். கம்பி முனையால் அதைத் தொட்டெடுத்தால் தூய வளர்ப்பு கையில் வந்துவிடும்.

1870-களில் பிரெஸ்லாவில் யோசப் ஷ்ரோட்டர் வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் வண்ண வண்ணமாகக் காலனிகள் முளைப்பதைக் கவனித்து எழுதினார். ராபர்ட் கோக் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். வேகவைத்த கிழங்கைச் சுட்ட கத்தியால் வெட்டி, அதன் முகத்தில் கிருமிகளைத் தீற்றினார். ஆனால் மனித நோய்க்கிருமிகள் பலவும் கிழங்கில் வளர மறுத்தன. கிழங்கு ஒளியையும் விடாது, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. எனவே இறைச்சிச் சாற்றோடு ஜெலட்டினைக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறையவைத்தார். 1881 ஆகஸ்டில் லண்டனில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டில் இதைச் செய்து காட்டியபோது, பார்வையாளர்களில் இருந்த லூயி பாஸ்டர் மனம் திறந்து பாராட்டினார்.

பாராட்டுக்கு உரிய முறைதான், ஆனாலும் அதில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் புரதம். 30 டிகிரி செல்சியஸை நெருங்கும் முன்பே இளகிவிடும். மனித உடலில் வாழும் கிருமிகளுக்கோ 37 டிகிரி வேண்டும். அந்த வெப்பத்தில் இன்குபேட்டரில் வைத்த தகடு குழம்பாகிவிடும். பிரிந்து நின்ற காலனிகள் மறுபடியும் ஒன்றாகக் கலந்துவிடும். கோடைக்காலத்தில் மேசை மேலேயே இந்த விபத்து நடந்தது. இரண்டாவது ஓட்டை இன்னும் மோசமானது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைப் பல பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. அவை தாங்கள் நிற்கும் தரையையே கரைத்துக் குடித்தன.

இந்தச் சங்கடத்தை நாள்தோறும் சந்தித்தவர்களில் ஒருவர் வால்டர் ஹெஸ்ஸே. சாக்சனி நாட்டு மருத்துவர், 1846-இல் பிறந்தவர். எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் அரசு மருத்துவராக இருந்தபோது, ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் புற்றால் இறப்பதை ஹேர்டிங் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து 1879-இல் வெளிப்படுத்தியவர். அந்தச் சுரங்கங்களில் யுரேனியத் தாது இருந்ததும், அதிலிருந்து கசியும் ரேடான் வாயுவே காரணம் என்பதும் உலகுக்குப் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. தொழிலாளர்கள் மூச்சுக் காற்றில் எதை இழுக்கிறார்கள் என்ற கேள்வியே ஹெஸ்ஸேயை நுண்ணுயிரியலுக்குக் கொண்டுவந்தது. மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபரிடம் பயின்ற பின், 1881–82 குளிர்காலத்தில் பெர்லினில் கோக்கின் ஆய்வகத்தில் சேர்ந்து, காற்றில் மிதக்கும் கிருமிகளை எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டார். உட்புறம் ஜெலட்டின் பூசிய நீண்ட கண்ணாடிக் குழாய்களுக்குள் காற்றை மெல்ல இழுத்து, அதில் ஒட்டும் கிருமிகள் காலனிகளாக வளரக் காத்திருப்பார். ஜெலட்டின் வழிந்தோடினால் கணக்கு மொத்தமும் வீண்.

அவருடைய மனைவி ஃபேனி ஆஞ்சலினா, திருமணத்துக்கு முன் ஐல்ஷீமியஸ், 1850-இல் நியூயார்க்கில் பிறந்தவர், வீட்டில் ‘லீனா’. வசதியான இறக்குமதி வணிகரின் மகள். அமெரிக்க ஓவியர் லூயி ஐல்ஷீமியஸ் இவருடைய தம்பி. லீனாவுக்கும் ஓவியக் கை உண்டு. கணவரின் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் காலனிகளின் படங்களை வண்ணத்தில் வரைந்து கொடுத்தார், ஆய்வகத்தில் அவருக்கு உதவியாகவும் வேலை செய்தார். சமையலறையை அறிந்த ஒருவர் ஆய்வக மேசையின் அருகிலும் நின்றார் என்பதே இங்கே முக்கியம்.

வீட்டில் அவர் செய்யும் பழக்கூழும் புட்டிங்கும் கோடையிலும் இளகாமல் நிற்பதைக் கண்ட கணவர், அது எப்படி என்று கேட்டார். கடற்பாசியிலிருந்து வரும் அகார்-அகார் சேர்ப்பதால்தான் என்றார் லீனா. நியூயார்க்கில் அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சு அண்டை வீட்டார் அதைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினுக்குப் பதிலாக அகாரைப் போட்டுப் பார்த்தார்கள். 37 டிகிரியில் அசையாமல் நின்றது. பாக்டீரியாக்கள் அதைத் தின்னவும் இல்லை. ஹெஸ்ஸே இதைக் கோக்கிடம் தெரிவித்தார்.

1882 மார்ச் 24 அன்று, காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெர்லினில் கோக் அறிவித்தார். அந்தக் கிருமியை அவர் வளர்த்தது பெரும்பாலும் உறையவைத்த இரத்தச் சீரத்தில். அடுத்த மாதம் அச்சான கட்டுரையில், உடல் வெப்பத்திலும் கெட்டியாக நிற்கும் அகார்-அகார் கலவையிலும் அது வளரும் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. யார் சொல்லி அகாரை எடுத்தார், ஏன் ஜெலட்டினை விட்டார் என்று எதுவும் இல்லை. ஹெஸ்ஸே பெயரும் இல்லை, லீனா பெயரும் இல்லை. ஹெஸ்ஸேயும் இதைத் தனிக் கண்டுபிடிப்பாக எழுதி வெளியிடவில்லை. அந்தக் காலத்து ஆய்வகங்களில் உதவியாளர்களின் பங்கு இப்படி மறைவது வழக்கமே. வழக்கமாக இருந்தது என்பதற்காக அது நியாயமாகிவிடாது. இந்தத் துறையின் அடித்தளத்தைக் கொடுத்தவரின் பெயர் ஒரு அடிக்குறிப்பிலாவது வந்திருக்க வேண்டும். வால்டர் 1911-இல் காலமானார், லீனா 1934-இல். 1939-இல்தான் ஹிச்சன்ஸ், லெய்கிண்ட் என்ற இரு அமெரிக்கர்கள் குடும்பத்தாரிடமிருந்து விவரம் பெற்று, அகார் பாக்டீரியாவியலுக்குள் வந்த கதையைக் கட்டுரையாக்கினார்கள். சாதாரண அகார் ஊடகத்துக்குத் திருமதி ஹெஸ்ஸேயின் பெயரைச் சூட்டலாம் என்றும் அதில் முன்மொழிந்தார்கள். பெயர் நிலைக்கவில்லை. 1887-இல் கோக்கின் மற்றோர் உதவியாளர் யூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி வடிவமைத்த மூடியுள்ள வட்டத் தட்டு மட்டும் அவர் பெயரிலேயே உலகெங்கும் வழங்குகிறது. அந்தத் தட்டில் ஊற்றப்படுவது லீனாவின் அகார்.

ஜாவாவின் சமையலறைகளில் மட்டுமல்ல, ஜப்பானிலும் அகார் வெகுகாலமாகப் புழங்கியது. அங்கே தெங்குசா என்னும் செம்பாசியைக் கொதிக்கவைத்து உறையவிட்டு, ‘தொகொரோத்தென்’ என்ற பண்டமாக உண்டு வந்தார்கள். அது ஈரமானது, வைத்திருக்க முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், கியோட்டோவை அடுத்த புஷிமியில் விடுதி நடத்திய மினோ தரோசாயெமோன், விருந்தில் மிஞ்சியதைக் குளிர்கால இரவில் வெளியே கொட்டியதாகவும், சில நாள் கழித்து அது உலர்ந்த வெண்ணிறச் சக்கையாகக் கிடந்ததாகவும், அதை மறுபடி காய்ச்சியபோது முன்னிலும் தெளிந்த கூழ் கிடைத்ததாகவும் மரபுக் கதை சொல்கிறது. கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும் அதில் உள்ள செய்முறை மெய்யானது. கூழ் உறைபனியாகும்போது நீர் தனியே பனிப் படிகங்களாகப் பிரிகிறது. வெயிலில் அது உருகி வழியும்போது உப்பு, நிறமி, பாசி வாடை எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. இரவுக் குளிரும் பகல் வெயிலும் பத்துப் பதினைந்து நாள் மாறி மாறி வேலை செய்தால் எஞ்சுவது சுத்தமான, எடை குறைந்த அகார். நாகனோ மாநிலத்தின் சினோ ஊரில் குளிர்காலத்தில் இன்றும் வயல்வெளியில் சட்டங்கள் அடுக்கி இப்படித்தான் செய்கிறார்கள். தொழிற்சாலைகளில் உறைகலன் அதே வேலையைச் செய்கிறது. ஐரோப்பாவில் 1859-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் இதைப் பகுத்தாராய்ந்து ‘ஜெலோஸ்’ என்று பெயரிட்டார். அப்போது யாரும் அதைக் கிருமிகளோடு சேர்த்து நினைக்கவில்லை.

அகாரின் தனித்தன்மை அதன் வெப்ப நடத்தையில் இருக்கிறது. உருகுவதற்கு 85 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய பின் ஆறவைத்தாலோ 40 டிகிரிக்குக் கீழே வரும்வரை உறையாது. உருகும் புள்ளிக்கும் உறையும் புள்ளிக்கும் இடையே இத்தனை இடைவெளி உள்ள பொருள்கள் அரிது. சூட்டில் தனித்தனியே சுருண்டு அலையும் சர்க்கரைச் சங்கிலிகள், ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்குகள் கற்றைகளாகச் சேர்ந்து, மீன்வலை போன்ற ஒரு பின்னலாகின்றன. நீர் அதன் கண்களில் சிறைப்படுகிறது. ஒருமுறை சேர்ந்த கற்றையைப் பிரிக்க மிகுந்த வெப்பம் வேண்டும் என்பதால்தான் இந்த இடைவெளி. ஆய்வகத்துக்கு இதனால் இரட்டை லாபம். 45 டிகிரியில் இன்னும் திரவமாக இருக்கும் அகாரில் உயிருள்ள பாக்டீரியாவை அது சாகாமல் கலந்து தட்டில் ஊற்றலாம். உறைந்த பிறகு 37 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்தாலும் தட்டு இளகாது. தின்னும் கிருமிகளும் அபூர்வம். 1902-இல் நார்வேயின் கிரான் கடல்நீரிலிருந்து அகாரைச் செரிக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அத்தகையவை பெரும்பாலும் கடலிலேயே, பாசிகளின் அருகிலேயே வாழ்கின்றன. மனித நோய்க்கிருமிகளுக்கு அந்த நொதி இல்லை.

ஒரு தட்டு எப்படிப் பயன்படுகிறது என்று அருகிலிருந்து பார்த்தால் இதன் அருமை விளங்கும். ஊட்டச் சத்தும் அகாரும் சேர்ந்த கலவையை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வேகவைத்து, கிருமியெல்லாம் செத்தபின் தட்டுகளில் ஊற்றுகிறார்கள். உறைந்ததும் ஆய்வாளர் கம்பி வளையத்தைச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியைத் தொட்டு, தட்டின் ஒரு ஓரத்தில் நெருக்கமாகக் கோடு இழுக்கிறார். வளையத்தை மறுபடி சுட்டு, முதல் கோடுகளின் நுனியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு இழுக்கிறார். பிறகு அங்கிருந்து அடுத்ததற்கு. ஒவ்வொரு முறையும் கூட வருகிற செல்கள் குறையும். நான்காம் பகுதியில் அவை ஒன்றொன்றாக விலகி விழுந்திருக்கும். மூடியில் படியும் நீர்த்துளி காலனிகள் மேல் சொட்டி அவற்றைக் கலைத்துவிடாதபடி தட்டைக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைக்கிறார். மறுநாள் காலையில் தனித்தனிக் காலனிகள் இருக்கும். அகாரின் அடர்த்தியைப் பாதிக்கும் கீழே குறைத்தால் கூழ் தளர்ந்து, நீந்தக்கூடிய பாக்டீரியா எது, நீந்தாதது எது என்று காட்டிக்கொடுக்கும்.

அகாரோடு எதைச் சேர்ப்பது என்பதிலேயே அடுத்த அரை நூற்றாண்டின் திறமை வெளிப்பட்டது. இரத்தம் சேர்த்தால், சிவப்பணுக்களை உடைக்கும் கிருமியைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். தொண்டைப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தேட இது உதவியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் மெக்காங்கி பித்த உப்பும் லாக்டோஸும் நிறங்காட்டியும் சேர்த்தார். குடலில் வாழாத பல கிருமிகளைப் பித்த உப்பு தடுத்துவிடும். லாக்டோஸைப் புளிக்கவைக்கும் ஈ.கோலை இளஞ்சிவப்பாக முளைக்கும். டைஃபாய்டு கிருமி நிறமற்று நிற்கும். 1917-இல் ஃபெலிக்ஸ் டெரெல் பாக்டீரியா படர்ந்த அகாரில் தெளிந்த ஓட்டைகளைக் கண்டு, பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களை அவற்றால் எண்ண முடியும் என்று காட்டினார். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினை முதலில் கண்டதும், பூஞ்சை விழுந்த ஒரு தட்டில் அதைச் சுற்றி ஸ்டெஃபைலோகாக்கஸ் காலனிகள் கரைந்திருந்ததால்தான். இன்று நோயாளிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் பலிக்கும் என்று பார்ப்பதும் அதே தத்துவத்தில்: மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளைத் தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். மருந்து பரவும் தூரம் அகாரின் கனத்தைப் பொறுத்தது என்பதால் அந்தக் கனம் 4 மில்லிமீட்டர் என்றே விதித்திருக்கிறார்கள்.

இவற்றில் மிக அழகானது எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி 1952-இல் வெளியிட்ட சோதனை. காலனிகள் நிறைந்த தட்டை, வெல்வெட் துணி போர்த்திய உருளையில் அழுத்தி, அந்தத் துணியால் புதிய தட்டுகளில் முத்திரை குத்தினார்கள். எல்லாத் தட்டுகளிலும் அதே காலனி அதே இடத்தில் முளைத்தது. மருந்து கலந்த தட்டில் பிழைத்தவை எந்தத் தாய்க் காலனியிலிருந்து வந்தன என்று மூலத் தட்டில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அந்தத் தாய்க் காலனியோ மருந்தைச் சந்தித்ததே இல்லை. எதிர்ப்புத் திறனை மருந்து உண்டாக்கவில்லை, முன்பே இருந்ததை மருந்து தேர்ந்தெடுத்தது என்பது இப்படி நிறுவப்பட்டது. அசையாத தளம் ஒன்று இல்லாமல் இந்தச் சோதனையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

இரண்டாம் உலகப் போர் வரை உலகின் அகாரில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்தே வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் நேச நாடுகளின் மருத்துவமனைகளும் தடுப்பூசிக் கூடங்களும் திகைத்தன. அமெரிக்கா இருப்பைப் பாக்டீரியாவியலுக்கு ஒதுக்கி, கலிபோர்னியக் கரையில் பாசி எடுப்பதை முடுக்கிவிட்டது. பிரிட்டனின் கரைகளில் தன்னார்வலர்கள் மாற்றுப் பாசிகளைச் சேகரித்தார்கள். நியூசிலாந்தில் தாவரவியலாளர் லூசி மூர் டெரோக்ளாடியா என்னும் பாசியை அடையாளம் காட்ட, மாவோரி மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கரையோரம் அதைத் திரட்டினார்கள். அங்கே ஒரு அகார்த் தொழிலே பிறந்தது.

இந்தியாவிலும் அந்த நெருக்கடியே தூண்டுதல். இலங்கையின் வடக்கு, கிழக்குக் கடலேரிகளின் கிராசிலேரியா பாசி ‘சிலோன் மாஸ்’ என்ற பெயரில் முன்பே வணிகத்தில் இருந்தது. அதே பாசி பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வளர்கிறது. இராமநாதபுரக் கரையில் அதற்குக் ‘கஞ்சிப்பாசி’ என்று பெயர். 1947-இல் தொடங்கப்பட்டு நெடுங்காலம் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பாசியியலாளர் பிரான்செஸ்கா திவி இந்திய அகார்களின் இயல்புகளை ஆராய்ந்து 1951-இல் எழுதினார். 1966 முதல் வணிக அளவில் பாசி எடுப்பு நடக்கிறது, மதுரை வட்டாரத்தில் அகார் ஆலைகள் எழுந்தன. கஞ்சிப்பாசியின் கூழ் சற்றே தளர்ந்தது, பெரும்பாலும் உணவுக்குப் போகும். ‘மரிக்கொழுந்துப் பாசி’ என்னும் ஜெலிடியெல்லா உறுதியான கூழ் தரும். இவற்றை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பாம்பன், சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள். பவளப்பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதிலிருந்து, அவர்களின் தொழிலுக்கும் காப்புச் சட்டத்துக்கும் இடையிலான இழுபறி ஓயவில்லை. அகாரைப் பற்றிப் பேசும் பாடநூல்கள் ஆய்வகத்தோடு நின்றுவிடுகின்றன. அதைக் கடலிலிருந்து கையால் எடுப்பவர்களையும் அவை சொல்ல வேண்டும்.

அகாருக்குள் இரண்டு பொருள்கள் இருப்பதைக் கியோட்டோ வேதியியலாளர் சோஜி அராகி 1937-இல் எடுத்துக்காட்டி, 1956-க்குள் முதன்மையானதன் அமைப்பை வகுத்தார். கூழாக உறையும் பகுதி அகரோஸ். சல்பேட் முதலிய மின்னேற்றக் கூறுகளைச் சுமக்கும் மிச்சம் அகரோபெக்டின். மின்புலத்தில் மூலக்கூறுகளைப் பிரிக்கும்போது அந்த மின்னேற்றங்கள் குறுக்கிட்டன. 1961-இல் சுவீடனின் உப்சாலாவில் ஸ்டெலன் யெர்டேன் தூய அகரோஸைப் பயன்படுத்தி இந்தத் தடையை நீக்கினார்.

டி.என்.ஏ. ஆய்வுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. டி.என்.ஏ. எதிர்மின் ஏற்றம் உடையது. மின்னோட்டம் பாய்ச்சினால் நேர்முனையை நோக்கி நகரும். பின்னலின் கண்களில் சிறிய துண்டுகள் விரைந்து நழுவும், பெரியவை தடுமாறிப் பின்தங்கும். 1973-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஷார்ப், சக்டன், சாம்புரூக் மூவரும் எத்திடியம் புரோமைடு சாயத்தோடு இதை எளிய முறையாக்கினார்கள். புற ஊதா ஒளியில் டி.என்.ஏ. துண்டுகள் ஆரஞ்சு நிறப் பட்டைகளாக ஒளிர்ந்தன. அதற்கு முன் விலையுயர்ந்த அதிவேக மையவிலக்குக் கருவியில் பல மணி நேரம் எடுத்த வேலை, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சில மணி நேரத்தில் முடிந்தது. மரபணுப் பொறியியலும், 1984-இல் அலெக் ஜெஃப்ரிஸ் கண்ட மரபணு ரேகையும் இந்தக் கூழின் மேல் எழுந்தவை. தாவரத் திசு வளர்ப்பிலும் அகாரே தரை. வாழைக் கன்றுகளும் ஆர்க்கிட் நாற்றுகளும் கண்ணாடிக் குப்பிக்குள் முதல் வேர் விடுவது அதில்தான்.

ஆய்வகத் தரத்துக்கு விரும்பப்படும் ஜெலிடியம் பாசியைக் கடலில் பண்ணையிட்டு லாபமாக வளர்க்க இன்னும் முடியவில்லை. இயற்கையாக வளர்வதையே பறிக்க வேண்டும். அதில் பெரும்பங்கைத் தரும் மொராக்கோ, அளவுமீறிப் பறித்ததால் கரை வறள்வதைக் கண்டு அறுவடைக்கும் ஏற்றுமதிக்கும் வரம்பு விதித்தபோது, 2015-இல் உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. விலை பல மடங்கு ஏறியது, விநியோக நிறுவனங்கள் சில பொருள்களின் விற்பனையை நிறுத்தின. பாக்டீரியா சுரக்கும் கெல்லான் கோந்து போன்ற மாற்றுகள் உண்டு. அவை அகாரைவிடத் தெளிவானவை, அதிக வெப்பத்தையும் தாங்கும். வெந்நீரூற்றுக் கிருமிகளுக்கும் திசு வளர்ப்புக்கும் ஏற்கெனவே பயன்படுகின்றன. ஆனால் மருத்துவமனை ஆய்வகங்களின் அளவுகோல்கள் எல்லாம், ஆன்டிபயாட்டிக் வட்டத்தின் மில்லிமீட்டர் கணக்கு உட்பட, அகாரின் மேல் அளந்து வகுக்கப்பட்டவை. தளத்தை மாற்றினால் அந்த அட்டவணைகள் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சோதித்து எழுத வேண்டியிருக்கும் என்பதால், தட்டுப்பாட்டுக்குப் பிறகும் நோயறியும் ஆய்வகங்கள் அகாரையே தொடர்கின்றன.